ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்தால் வீட்டில் உடனே என்ன செய்யணும்?

முகப்புத்திண்ணை:
ஆத்தாவுக்கு 71 வயசு. பி.பி., சுகர் ரெண்டும் உண்டு. கானாடுகாத்தான் வீட்ல சமையல் ஆச்சி மட்டும்தான் துணை, நாங்க சென்னையில. வாய் கோணினா காது மடல்ல ஊசியால குத்தி ரத்தம் எடுக்கணும்னு வாட்ஸ்அப்ல வருது. ஆஸ்பிரின் கரைச்சுக் குடுங்கிறாங்க, புறா ரத்தம் தடவுங்கிறாங்க. எது சரி? ஆச்சிகிட்ட என்ன சொல்லி வைக்கிறது?

அவசரப்பிரிவு:
மூணுமே வேண்டாம் அண்ணே. மூளைக்குப் போற ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைக்கிறது ஒரு வகை, குழாய் வெடிச்சு மூளைக்குள்ள ரத்தம் கசியறது இன்னொரு வகை. அடைப்புதான் அதிகம். கடும் தலைவலி, வாந்தி இருந்தா கசிவுன்னு சந்தேகப்படலாம், ஆனா சி.டி. எடுக்காம யாராலும் உறுதியாச் சொல்ல முடியாது. கசிவா இருந்தா ஆஸ்பிரின் அதைக் கூட்டிடும். தொண்டைத் தசையும் செயலிழந்திருக்கலாம். அப்போ ஒரு மடக்குத் தண்ணி குடுத்தாலும் நுரையீரலுக்குள்ள போயிடும். அதனால வாயில எதுவுமே ஊத்தக் கூடாது.

ஆச்சிக்கு இதைச் செஞ்சு காட்டிடுங்க. ஆத்தாவைச் சிரிக்கச் சொல்லணும், வாய் ஒரு பக்கம் இறங்குதா? கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கை மேல தெரிய ரெண்டு கையையும் நீட்டி, 10 எண்ற வரை வச்சிருக்கச் சொல்லணும். பலம் குறைஞ்ச கை மெல்லத் தாழும், உள்ளங்கை உள்பக்கமாத் திரும்பும். "பட்டாலையில பாய் விரிச்சிருக்கு"ன்னு சொல்லச் சொல்லணும், பேச்சு குழறுதா? ஒண்ணு தப்பினாலும் 108தான். திடீர்னு தலைசுத்தி நடை தள்ளாடினாலோ, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாலோ அதுவும் பக்கவாதமா இருக்கலாம். பித்தம்னு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்துப் படுக்க வச்சு நேரத்தை விட்டுடறது இதுலதான் அதிகம்.

நரம்பியல்_வார்டு:
கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கணக்கு, கை விழுந்ததைப் பார்த்த நேரத்துல இருந்து இல்ல, கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து. ராத்திரி 10 மணிக்குப் பேசிட்டுப் படுத்தவங்க காலைல 5.30க்குக் கை தூக்க முடியாமக் கிடந்தா ஏழரை மணி நேரம் ஆச்சுன்னுதான் எடுத்துக்குவாங்க. அதுக்காகக் கைவிட வேண்டாம். எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிலருக்கு ஊசி போடலாம். பெரிய குழாய் அடைச்சிருந்தா தொடை வழியாக் குழாய் விட்டுக் கட்டியை இழுத்தெடுப்பாங்க. வழக்கமா 6 மணி நேரத்துக்குள்ள, ஸ்கேன் ஒத்து வந்தா 24 மணி வரைக்கும்.

கட்டியைக் கரைக்கிற ஆல்டிப்ளேஸ் ஊசி உடம்பு எடையில கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90. ஆத்தா 60 கிலோன்னா 54 மி.கி.; அதுல 5.4 ஒரு நிமிஷத்துல, மீதி 48.6 ஒரு மணி நேரத்துல ஏறும். அதனால எடையை எழுதி வைங்க. ஊசிக்கு முன்னால பி.பி. 185/110க்குக் கீழே வரணும், ஆனா அதை ஆஸ்பத்திரியில டிரிப் வழியா நிதானமா இறக்குவாங்க. வீட்லயோ கிளினிக்லயோ நாக்குக்கு அடியில மாத்திரை வச்சு மடமடன்னு இறக்கினா, அடைப்பைச் சுத்தி அரை உயிரா இருக்கிற மூளைப்பகுதிக்கு வர்ற கொஞ்ச ரத்தமும் நின்னுடும். இந்தத் தப்பு நிறைய நடக்குது, மனசு கிடந்து அடிச்சுக்குது.

முகப்புத்திண்ணை:
நன்றிங்க. அஞ்சு நிமிஷத்துல தானாச் சரியாயிட்டா? எந்த ஊருக்குக் கொண்டு போறது?

அவசரப்பிரிவு:
சரியாயிட்டாலும் அன்னைக்கே போகணும். பெரிய அடைப்பு வர்ற ஆபத்து அடுத்த ரெண்டு நாள்லதான் அதிகம்.

ஊரைப் பொறுத்தவரை, பக்கத்து கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு உக்காரக் கூடாது. 24 மணி நேரமும் சி.டி. எடுத்து இந்த ஊசி போடற இடம் காரைக்குடியில எது, சிவகங்கையில எதுன்னு இப்பவே போன் பண்ணிக் கேட்டு வைங்க. மதுரை 80 கி.மீ.க்கு மேல, போறதுலயே ஒன்றரை மணி நேரம் போயிடும்.

வீட்ல சுகர் பாக்கிற மெஷின் இருந்தா, 108 வர்றதுக்குள்ள ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. சுகர் 60க்குக் கீழே இறங்கினாலும் கை கால் விழுந்த மாதிரியே இருக்கும். அந்த எண்ணை வண்டியில வர்றவங்ககிட்டச் சொல்லணும். வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். மாத்திரைச் சீட்டு கையோட போகணும், அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை சாப்பிட்டா முதல்ல அதைச் சொல்லணும். கடைசியா நல்லா இருந்த நேரத்தை ஆச்சி அந்தச் சீட்டுலயே எழுதிக் குடுத்துடட்டும்.