ஹார்ன் செக்‌ஷனுக்கு நடுவில் பேஸ் கேட்கவில்லை: எந்த ஸ்பீக்கர் கேபினட் வாங்கலாம்?

எட்டுப் பேர் ஸ்கா (ஜமைக்காவின் துள்ளல் நடன இசை) பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸ் மூன்றும் ஊத ஆரம்பித்ததும் என் பேஸ் காணாமல் போகிறது. ஸ்காவில் பேஸ் நிற்காமல் நடக்க வேண்டும். அது கேட்கவில்லை என்றால் கிட்டாரின் ஆஃப்பீட் வெட்டு (தாளத் தட்டுகளுக்கு இடையே விழுவது) அந்தரத்தில் தொங்குகிறது.

இருப்பது 100 வாட் காம்போ (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), ஒரே 12 இன்ச் ஸ்பீக்கர். நாலு வருஷமாகப் பிரச்சினை இல்லை. ஆறு மாதம் முன்பு ஹார்ன்காரர்கள் சேர்ந்த பிறகுதான் இந்தத் தொல்லை. வால்யூமை முக்காலுக்கு மேல் திருப்பினால், திறந்த ஈ கம்பியில் (41 ஹெர்ட்ஸ்) கோன் 'பட் பட்' என்று அடிக்கிறது.

ஆம்ப்பில் பேஸ் குமிழைக் குறைத்து மிட் (நடு அலைவரிசை) ஏற்றினேன், கொஞ்சம் தெளிவு வந்தது. நாற்காலி மேல் வைத்தேன். எனக்குக் கேட்டது, டிரம்மருக்குக் கேட்கவில்லை. சுவர் மூலையில் தள்ளினால் ஒரே கொழகொழ. ஃப்ளாட்வவுண்ட் (வழுவழுப்பாகச் சுற்றிய) கம்பியும் மாற்றினேன். டோன் அருமை (இனி பழைய கம்பிக்குத் திரும்ப மாட்டேன்), சத்தம் அதேதான்.

வாட் இரட்டிப்பானாலும் 3 டெசிபல்தான் கூடும் என்பதால் ஸ்பீக்கர் பரப்பையும் கூட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) முடிவாகிவிட்டது: கிளாஸ் டி வகை, 4 ஓமில் 500 வாட்; இணைக்கும் ஸ்பீக்கர்களின் மொத்த மின்தடை 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. வாசிப்பது சின்ன ஹால்களில்; பேஸுக்கு பி.ஏ. (ஹாலின் ஒலிபெருக்கி) கிடையாது. மாடிப்படியில் நானேதான் தூக்க வேண்டும்.

ஹார்ன்களோடு வாசித்தவர்கள் சொல்லுங்கள்: 8 ஓம் நாலு-பத்து (நாலு 10 இன்ச் ஸ்பீக்கர்) கேபினட் ஒன்றா, 8 ஓம் ரெண்டு-பத்து கேபினட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதா?