பெரியவர் குழாத்துக்குப் பக்கத்தில் நின்று பாடும் சிறார் குழாத்துக்குச் சொல்: 'உடன்குழாம்' சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரே இசையில் பெரியவர் குழாத்துக்குப் பக்கத்தில், ஆனால் தனிக் குழாமாக நின்று பாடும் சிறாரைத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்வியைத் தொடக்கியது நான்தான். அதனால் இதுவரை வந்த மூன்று சொற்களையும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் நடக்கும் எங்கள் ஒத்திகைக்குக் கொண்டுபோய், பாடுகிறவர்களிடமே கேட்டேன். 'கூட்டுக் குழாம்', 'கலப்புக் குழாம்', 'துணைக் குழாம்'. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் ஒன்று. சென்னை நண்பர்கள் 'சேர்ந்திசைக் குழு' என்றே வைக்கலாம் என்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் இங்கே கிறிஸ்தவக் கோயில்களில் 'பாடகர் குழாம்' என்றுதான் வாயில் வரும். புழக்கத்தில் உள்ள சொல்லின் மேலேயே கட்டுவோம்.

'கலப்பு' வேறொன்றுக்கு வேண்டும். சொப்பிரானோ, அல்ட்டோ, ரெனர், பேஸ் என்று ஆணும் பெண்ணும் நான்கு குரலில் பாடுவதுதான் கலப்புக் குழாம். 'கூட்டு' மிகவும் பொது. இரண்டு கோயில்களின் குழாங்கள் ஒரு திருவிழாவுக்குச் சேர்ந்து பாடினாலும் அது கூட்டுக் குழாம்தானே?

'துணை' என்பதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். ஆங்கில இசையமைப்பாளர் ஜோன் றட்டர் பெரியவர் குழாத்துக்கும் சிறார் குழாத்துக்குமாக எழுதி, 2003இல் முதலில் பாடப்பட்ட திருப்பலி இசையைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ஒரு காலைத் துதிப்பாடலோடு தொடங்குகிறார்கள். முடிவில் பெரியவர்கள் இலத்தீனில் சமாதானம் வேண்டும்போது, அதன் மேலே பிள்ளைகள் இரவுத் துதிப்பாடலைப் பாடுகிறார்கள். ஒரு நாள் முழுவதையும் திறந்து மூடுகிற பிள்ளைகளைத் 'துணை' என்பதா?

இன்னொரு ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிற்றன், இறந்தோருக்கான பூசையை வைத்து எழுதிய 'போர் இரங்கற்பூசை' இன்னும் தெளிவான சாட்சி. 1940இல் குண்டுவீச்சில் அழிந்த இங்கிலாந்தின் கொவென்றி பேராலயத்தின் அருகே புதிதாய் எழுந்த ஆலயத்தில், 1962 மே 30 அன்று முதன்முதலாகப் பாடப்பட்டது. பெரிய குழாம் முன்னே, பெரிய வாத்தியக் குழுவோடு. ஆண்பிள்ளைகளின் குழாமோ தனியே, தூரத்தில், ஒரு சிறிய ஓர்கனோடு. போர்க்களத்தைப் பற்றிய பாட்டுக்கு நடுவே அந்தக் குரல் எங்கோ அப்பாலிருந்து வருகிறது. சேர்ந்திருக்கிறார்கள், ஆனால் கரைந்துவிடவில்லை. நமக்கு வேண்டிய சொல் இதைத்தான் பிடிக்க வேண்டும்.

போன சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளை மேல்மாடத்தில் நிறுத்திப் பார்த்தோம். தாள் பறக்கிறது என்று மின்விசிறிகளை நிறுத்தியாயிற்று. ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று வியர்வை வழிய, பாட்டுத்தாளை நெஞ்சோடு அணைத்தபடி, கீழே மாஸ்ரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. பாட்டு வந்தது, ஆனால் ஒரு மயிரிழை பிந்தி வந்தது. பிள்ளைகளின் பிழை இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீற்றர் ஓடும். 30 மீற்றர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.09 நொடி பிந்தும். நிமிடத்துக்கு 120 தட்டுப் போகும் பாட்டில் அது ஒரு தட்டின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால்தான் தூரத்துக் குழாத்துக்கு நீண்ட சுரங்களும் தனி ஓர்கனும் பொருந்துகின்றன. இப்படி நிற்பவர்களை 'மாடக் குழாம்' என்று தனியே குறிக்கலாம்.

சரி, என் சொல்: 'உடன்குழாம்'. உடன்பிறப்பில் உள்ள உடன். ஒருவர் இன்னொருவருக்குள் அடங்காமல் பக்கத்தில் நிற்பது. 'ஒடு' உருபு உயர்ந்தவருக்குப் பின்னே வரும் என்று தொல்காப்பியர் சொல்கிறார். ஆசிரியரோடு மாணவர் வந்தார் என்பதுபோல. 'பெரியவர்களோடு சிறார்' என்றால் அந்தப் படிநிலை வந்துவிடும். 'உடன்' என்பதில் எனக்கு அது கேட்கவில்லை.

'உடன்கட்டை' நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். எனக்கு முதலில் உடன்பிறப்பும் உடன்படிக்கையும்தான் வருகின்றன. சொற்கள் புணரும்போது 'உடற்குழாம்' ஆகாதா என்ற கேள்விக்கும் அந்தச் சொற்களே பதில். ன் அப்படியே நிற்கிறது.

இரட்டைக் குழாத்தோடும் இது குழம்பாது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1727இல் தந்த, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் 'மத்தேயு பாடுகள்' இசையின் தொடக்கத்தில் இரண்டு குழாங்கள் கேள்வியும் பதிலுமாகப் பாடும். அது இரட்டை. அவற்றுக்கு மேலே ஒரு பழைய துதிப்பாடல் தனிச் சொப்பிரானோ வரியாக வரும், இன்று பெரும்பாலும் சிறாரே பாடுவார்கள். அது உடன்குழாம்.

அப்புறம், 'பாலர்' வேண்டாம். கொழும்பில் பாலர் என்றால் பாலர் பாடசாலைதான் நினைவுக்கு வரும். 'சிறுவர்' இங்கே இரு பாலாருக்கும் பொது, ஆனால் தமிழ்நாட்டில் ஆண்பிள்ளைகள் என்றே பலர் எடுப்பார்கள். 'சிறார்' பாதுகாப்பு.

நிகழ்ச்சித்தாள் மும்மொழியிலும் அச்சாகிறது. முன்பொரு நிகழ்ச்சியில் தமிழ்ப் பகுதியில் வெறுமனே 'குழு' என்று போட்டு, பிள்ளைகளைச் சொல்லவே இல்லை. இம்முறை 'கலப்புக் குழாமும் சிறார் உடன்குழாமும்' என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இதைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.