புதுப்பிப்பு: நீலகிரி அணைகளில் படகு, தூண்டில், கூடாரம்

பைக்காரா படகு, அவலாஞ்சி மீன்பிடிப்பு பற்றி முன்பு எழுதியதற்குக் கீழே பலரும் கேட்டது ஒன்றுதான்: அணைக்கரையில் கூடாரம் போடலாமா? கூடாது. பெரும்பாலான கரைகள் காப்புக்காடு அல்லது மின்வாரிய நிலம். எமரால்டு அணைப் பக்கம் அனுமதி பெற்ற தனியார் முகாம் இடம் இருந்தால் மட்டும் பாருங்கள். அங்கேயும் பள்ளத்தில் போடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று தாழ்வான இடத்தில் தேங்கி உறைபனி அங்கேதான் முதலில் படியும். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்பை அடைத்தால் மூச்சின் ஈரம் துணியில் கோத்து, விடியும்போது ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிடும்.

தூண்டிலுக்கு ஊட்டியிலேயே மீன்வளத்துறை அனுமதி வாங்கிவிடுங்கள். ட்ரவுட் மீனுக்கு 4 முதல் 6 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு, 3 முதல் 5 கிராம் ஸ்பின்னர் (நீரில் சுழலும் தகடு வைத்த போலி இரை) போதும். திரும்ப விடுவதாக இருந்தால் கொக்கியின் எதிர்முள்ளை (முனைக்குப் பின்னால் பின்னோக்கி நிற்கும் சிறு முள்) குறடால் நசுக்கிவிட்டு, கையை நனைத்த பிறகே மீனைத் தொடுங்கள். காய்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்.

மின்உற்பத்திக்காக நீர் இறங்கியிருக்கும்போது வெளியே தெரியும் சேற்றில் இறங்க வேண்டாம். மேல்ஓடு காய்ந்திருந்தாலும் முழங்கால் வரை புதையும்.

படகுக்குக் காலையே நல்லது. வெளியூரிலிருந்து நீலகிரிக்கு வண்டியில் வர இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) கட்டாயம்.