ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள்: மேக்கிலிருந்து லினக்ஸுக்கு பேக்கப் எடுத்த அனுபவம்

வீட்டு விசேஷங்களின் படங்களைத் தமிழ்ப் பெயரிட்ட கோப்புறைகளில் லினக்ஸ் கணினியில் வைத்திருக்கிறேன். அவற்றின் நகலைப் பழைய மேக்புக் ஒன்றில் போட்டு, அங்கே சில படங்களைத் திருத்திய பிறகு, மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் மூலம் நெட்வொர்க் வழியாக லினக்ஸுக்கே திருப்பி அனுப்பினேன். மாறிய படங்கள் மட்டும் வந்து சேரும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, ‘பொங்கல்’ கோப்புறையும் ‘கோவில்’ கோப்புறையும் இரண்டிரண்டாக நிற்பதைக் கண்டதும் பதற்றமாகிவிட்டது. ‘தீபாவளி’ மட்டும் ஒன்றாகவே இருந்தது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டும் வேறுபாடு தெரியவில்லை.

பெயர்களை பைட்டுகளாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு ‘பொங்கல்’ 21 பைட், மற்றொன்று 24 பைட். மேக்கின் வட்டு ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு அமைப்பில் இருந்தது; அது ‘பொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோடு குறியீடாக (எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்) வைக்காமல், கொம்பு தனி, கால் தனி என்று உடைத்தே சேமிக்கிறது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதிதான். லினக்ஸின் இஎக்ஸ்டி4 அமைப்போ பெயரை வெறும் பைட் வரிசையாகவே பார்ப்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை இரண்டு பெயர்களாக ஏற்றுக்கொண்டது. ‘தீபாவளி’யில் உடையக்கூடிய குறி எதுவும் இல்லை.

இரட்டைகளை செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) கொண்டு ஒப்பிட்டு, திருத்திய படங்களைப் பத்திரப்படுத்திய பிறகே மிகுதியை நீக்கினேன். இப்போது ஆர்சிங்க்கில் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் தெரிவைச் சேர்த்து, மேக் வகை (குறிகளை உடைத்த) யூடிஎஃப்-8 பெயர்களை வழக்கமான யூடிஎஃப்-8 ஆக மாற்றியே அனுப்புகிறேன். அந்த மேக்கோடு வந்த ஆர்சிங்க் 2.6.9இல் இந்த வசதி கிடையாது, 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது.

மறுமொழி:

ஐயா, எனக்கு நேர்ந்தது வேறு வகை. எக்ஸ்ஃபேட் கோப்பு அமைப்புள்ள வட்டிலிருந்து கட்டுரைகளை இஎக்ஸ்டி4க்கு நகலெடுத்தபோது, நீளமான தமிழ்த் தலைப்புடைய கோப்புகள் மட்டும் ‘பெயர் மிக நீளம்’ என்ற பிழையோடு நின்றுவிட்டன. ஒரு பெயரில் எக்ஸ்ஃபேட் 255 குறியீடுகளை ஏற்கும். இஎக்ஸ்டி4இன் வரம்பு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85க்கு மேல் இடமில்லை, மெய்யெழுத்தின் புள்ளியும் அதில் ஒன்றாகக் கணக்கில் வரும். எதிர்த்திசையில் நகலெடுத்தால் உரிமையாளர், அனுமதி விவரங்களை எக்ஸ்ஃபேட் வைத்துக்கொள்ளாது. ஆகவே அந்த வட்டுக்கு அனுப்புவதை முதலில் அந்த விவரங்களோடு ஒரே டார் தொகுப்புக் கோப்பாகக் கட்டிவிடுகிறேன்.