உதவி: "பணம் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியை அனுப்புங்கள்" என்கிறார் கேமரா வாங்குபவர்

கோவை_லென்ஸ்:
என் பழைய நிக்கான் டி5600, கிட் லென்ஸோடு 18,500 ரூபாய் என்று நேற்று விளம்பரம் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருக்கிறாராம். பேரமும் பேசவில்லை, ஷட்டர் கவுண்ட்டும் (இதுவரை எத்தனை படம் எடுத்த கேமரா என்ற கணக்கு) கேட்கவில்லை. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொஞ்ச நேரத்தில் 28,500 வரவு என்று எஸ்எம்எஸ். உடனே போன்: "அவசரத்தில் 10,000 கூடிப்போச்சு, இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுங்கள்." நேரம் பார்த்து என் வங்கி ஆப் திறக்க மறுக்கிறது. உண்மையிலேயே போட்டிருந்தால் பாவம் இல்லையா?

டிரைபாட்_மணி:
அனுப்பாதீர்கள். அந்த எஸ்எம்எஸ் எந்த எண்ணிலிருந்து வந்தது? வங்கிச் செய்தி என்றால் அனுப்புநர் இடத்தில் வங்கியின் பெயரெழுத்துகள் இருக்கும்.

கோவை_லென்ஸ்:
பத்து இலக்க மொபைல் எண்!

டிரைபாட்_மணி:
அப்போ அவரே தட்டச்சு செய்து அனுப்பியதுதான். க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போட்டால் பணம் உங்களிடமிருந்து போகும், வராது. பழைய பொருளை விலை குறைக்காமல் வாங்கும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருமுறை "பிராசஸிங்" என்று காட்டிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ஹெட்ஃபோனைத் தூக்கிக் கொடுத்தவன் சொல்கிறேன்.

கவுன்டர்_நம்பர்_3:
வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். ஆப் திறந்து, பணம் நிஜமாகவே வந்திருந்தாலும் நீங்களாகத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது ஏமாந்த வேறு யாரோ ஒருவருடைய பணமாக இருக்கலாம். அவர் சைபர் மோசடி உதவி எண் 1930இல் புகார் கொடுத்தால், பணம் போன தடத்தைப் பிடித்து உங்கள் கணக்கை முடக்கிவிடுவார்கள். 10,000 ரூபாயை நீங்கள் வேறொரு க்யூஆருக்கு அனுப்பியிருந்தால், கூட்டாளி இல்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும். கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். வந்த கணக்குக்கே திருப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இனிமேல் விற்கும்போது நேரில் வரச் சொல்லுங்கள். யுபிஐ என்றால் அனுப்புபவர் பெயரும் எதிரில் நிற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். சீரியல் எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்குங்கள். நாளைக்கே வேறு கேமராவைக் கொண்டுவந்து "நீங்கள் கொடுத்தது இதுதான்" என்று நின்றால் அந்தச் சீட்டுதான் பேசும்.

கோவை_லென்ஸ்:
சாயங்காலம் ஆப் திறந்தது. ஒரு பைசா வரவில்லை. காந்திபுரத்துக்கு ரொக்கத்தோடு வாருங்கள் என்றேன். இந்தியில் ஏதோ திட்டிவிட்டு பிளாக் செய்துவிட்டார். பணம் போகவில்லை, ஆனாலும் புகார் கொடுக்கலாமா?

கவுன்டர்_நம்பர்_3:
கொடுக்கலாம் தம்பி. பணம் போயிருந்தால் 1930. போகாதபோது தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில், சந்தேக அழைப்புகளைப் புகார் செய்ய சக்ஷு என்ற பகுதி இருக்கிறது. அழைத்த எண்ணையும் எஸ்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட்டையும் அங்கே ஏற்றுங்கள்.

கோவை_லென்ஸ்:
ஏற்றிவிட்டேன் சார், நன்றி. கேமரா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பேரம் பேசத் தெரிந்தவர்கள் வரலாம்.