யூலிமிட் ஏற்றியும் "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" போகவில்லை

பத்தமடை:
அண்ணாச்சிமாரே, எங்கள் கோரைப்பாய் வியாபாரத்துக்கு உபுண்டுவில் பைத்தான் சர்வர் ஒன்று ஓடுகிறது. கல்யாணப் பாயில் பெண் மாப்பிள்ளை பேர் எப்படி வரும் என்று படம் காட்டும். ஆவணி முகூர்த்தம் நெருங்கியதிலிருந்து மதியம் 2 மணி வாக்கில் "எர்நோ 24, டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்" (திறந்திருக்கும் கோப்புகள் அளவுக்கு மேல்) என்று நின்றுவிடுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஓடும், மறுநாள் அதே கதை. எத்தனை கோப்பு திறந்திருக்கலாம் என்ற வரம்பை லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் 65535 என்று போட்டேன். அந்த வரம்பைக் காட்டும் யூலிமிட் -என் அடித்தால் 65535 என்றுதான் வருகிறது. அப்புறமும் ஏன்?

வண்ணார்பேட்டை:
தம்பி, அது நீங்கள் கட்டளை அடிக்கும் ஷெல்லின் கணக்கு. லிமிட்ஸ்.கான்ஃப் லாகின் செய்து வருகிறவர்களுக்குத்தான். உபுண்டுவில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி கிளப்பும் உங்கள் சர்வர் அந்த வாசலைத் தொடுவதே இல்லை. ஓடும் சர்வரின் ப்ராசஸ் எண்ணை எடுத்து கேட் /ப்ராக்/எண்/லிமிட்ஸ் பாருங்கள்.

பத்தமடை:
திறந்த கோப்புகளுக்கு சாஃப்ட் (இப்போது நடப்பில் உள்ள வரம்பு) 1024, ஹார்ட் (அதை ஏற்றக்கூடிய உச்சம்) 524288!

வண்ணார்பேட்டை:
அதேதான். சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து, சர்வீஸ் பகுதியில் லிமிட்நோஃபைல்=8192 எழுதி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சர்வீஸின் அமைப்பு இருக்கும் யூனிட் கோப்பைக் கையால் திருத்தினால், சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க முதலில் டீமன்-ரீலோட் வேண்டும்.

சேரன்மகாதேவி:
ஏற்றுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். நானும் ஒருமுறை எண்ணை மட்டும் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மூன்றாம் நாள் நடுராத்திரி போன் வந்தது. சர்வர் திறந்து வைத்திருப்பதெல்லாம் தெரியும் /ப்ராக்/எண்/எஃப்டி அடைவில் எத்தனை இருக்கிறது என்று மணிக்கொரு தரம் எண்ணுங்கள். கோப்பு மட்டுமல்ல, சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு), பைப் (ப்ராசஸ்களுக்கு இடையிலான குழாய்) எல்லாம் அதில் சேரும். கூட்டம் குறைந்தும் எண் இறங்கவில்லையென்றால் எங்கோ திறந்ததை மூடாமல் விட்டிருக்கிறீர்கள். எதுவென்று, திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் -பி கட்டளை சொல்லிவிடும்.

பத்தமடை:
எண்ணினேன். 10 மணிக்கு 212, 11-க்கு 438, 12-க்கு 655. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தரும் வரவில்லை, அப்போதும் ஒன்றுகூட இறங்கவில்லை. எல்எஸ்ஓஎஃப்பில் ஒரே மயில் டிசைன் படம் வரி வரியாக வந்தது. மறுபடி கேட்டால் சீக்கிரம் காட்டலாம் என்று, வருகிற ஒவ்வொருவருக்கும் திறந்த கோப்பையே ஒரு டிக்‌ஷ்னரியில் பிடித்து வைத்திருந்திருக்கிறேன்.

சேரன்மகாதேவி:
கோப்பை வைக்க வேண்டாம், அதன் பாதையை மட்டும் வையுங்கள். தேவைப்படும்போது வித் ஓப்பன் போட்டுத் திறந்தால் வேலை முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

பத்தமடை:
நேற்று மாற்றினேன். இன்று ராத்திரி 7 மணி, 41-இல் நிற்கிறது. 8192-ஐயும் அப்படியே வைத்திருக்கிறேன். ரெண்டு அண்ணாச்சிக்கும் ரொம்ப நன்றி.