பழைய டீமுக்குத் திரும்பி வர நினைக்கிற பசங்க: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

கோபி லெப்ட் அவுட்

மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஹாக்கி டீமில் சின்ன வயசில் ஆடிய பையன், அப்புறம் கோவில்பட்டி விளையாட்டு விடுதி, அங்கிருந்து சென்னையில் ஒரு காலேஜ் டீம். இந்தப் பாதை உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான், விளக்க வேண்டியதில்லை. இப்போது அங்கே பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். பாரியூர் குண்டம் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன் சாயங்காலம் ஸ்டிக் பையோடு கிரவுண்டுக்கே வந்துவிட்டான்.

நாங்கள் பெனால்டி கார்னர் பழகிக்கொண்டிருந்தோம், கோல் கோட்டிலிருந்து ஒருத்தன் பந்தைத் தள்ளிவிட இன்னொருத்தன் கோலுக்கு அடிப்பது. கோலுக்கு முன்னாடி இருக்கிற வளைவு, அந்த 'டி' உச்சியில் நின்று அடிப்பது இப்போது பதினொன்றாவது படிக்கிற ஒரு பையன். முன்னாடி அது சென்னையிலிருந்து வந்த இந்தப் பெரியவன் நின்ற இடம். அவன் பக்கத்தில் வந்து, "ஏனுங்ணா, காலேஜை முடிச்சுட்டு நான் இங்கயே வந்துட்டா சேத்திக்குவீங்ளா?" என்று கேட்டான், சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பதினொன்றாவது பையன், யாரும் எதுவும் சொல்லாமலே, உச்சியிலிருந்து நகர்ந்து கிரவுண்டு ஓரத்தில் போய் நின்றுகொண்டான். கோபமெல்லாம் இல்லை. பஸ்ஸில் வயசானவர் ஏறினால் எழுந்து இடம் விடுவோமே, அந்த மாதிரி. பெரியவனும் அதைப் பார்த்துவிட்டான். "டேய் தம்பி, நீயே நில்லு" என்றான். அவன் வரவில்லை. இவனும் போய் நிற்கவில்லை. இன்ஜெக்ட் பண்ணுகிறவன் கோடு மேலே பந்தை வைத்துக்கொண்டு, யாருக்குத் தள்ளுவது என்று தெரியாமல் என்னையே பார்க்கிறான்.

இரண்டு பேருமே என்ற பசங்க. பெரியவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஈரோடு பழைய கீப்பர்

அண்ணா, படித்ததும் எனக்குக் கீப்பர் காலில் கட்டுகிற பேடு ஞாபகம்தான் வந்தது. சென்னையில் ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்கு கெஸ்ட் பிளேயராகக் கொஞ்ச காலம் ஆடினேன், வேலை ஒன்றும் அமையாது என்று ஆனதும் ஈரோட்டுக்கே வந்துவிட்டேன். கிளப்பில் எல்லோரும் "வா மாப்ள" என்றுதான் கூப்பிட்டார்கள், ஒரு குறையும் இல்லை. கீப்பர் சாமான் விலை உங்களுக்குத் தெரியும், எங்களை மாதிரி கிளப்பில் ஒரே ஒரு செட்டை வைத்துத்தான் வருஷக்கணக்கில் ஓட்டணும். அதை எடுத்துக் காலில் கட்டப் பார்த்தால் ஸ்ட்ராப்பில் புதுசாக ஓட்டை போட்டு இன்னொருத்தன் காலுக்கு இறுக்கி வைத்திருந்தது, நான் ஆடும்போது மாட்டின ஓட்டை நைந்து கிழிகிற பதத்தில் இருந்தது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன், புது கீப்பர் பையன் வந்து முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இருங்ணா, நான் கட்டி உடறேன்" என்று என் காலில் கட்டிவிட்டான். அன்றைக்கு மேட்சுக்கு நான்தான் இறங்கினேன். ஜெயித்தோமா தோற்றோமா என்பதுகூட மறந்துபோச்சு, அந்தப் பையன் குனிந்துகொண்டு பக்கிள் மாட்டினது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

நீங்கள் முதலில் பேச வேண்டியது அந்தப் பதினொன்றாவது பையனிடம். பெரியவனுக்குப் பொறவு பதில் சொல்லிக்கொள்ளலாம்.

திருப்பூர் அம்பயர்

மேலே இரண்டு பேரும் மனசைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டோர்னமெண்டில், பழைய டீமுக்கு எதிராக இறங்கின ஒரு டிபெண்டர், தன் 'டி'க்குள் பந்து தன் காலில் பட்டது என்று அவனாகவே கையைத் தூக்கினான். எனக்குத் தெரியவில்லை, எதிர் டீமில்கூட யாரும் கேட்கவில்லை. பெனால்டி கார்னர் கொடுத்தேன், அதில் கோல், அவன் டீம் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அவனுடைய கோச், எல்லோர் முன்னாடியும், "நீ எந்த டீமுடா?" என்று கேட்டார். அவன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தான், தலையைத் தூக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கோபிக்காரரே, அந்தப் பையன் காலேஜ் முடிகிற வரைக்கும் சென்னையை விட்டு அசையவே கூடாது. ஏன் என்று சொல்கிறேன். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போய்விட்டது, நம் பக்கம் இன்னும் பெரும்பாலான பசங்க மண் தரையில்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். மண்ணில் பந்து எகிறும், எகிறுகிற பந்துக்கு ஏற்ற மாதிரி உடம்பு நிமிர்ந்து பழகிவிடும். தண்ணீர் அடித்த டர்ஃபில், அதாவது செயற்கைத் தரையில், பந்து வழுக்கிக்கொண்டு வரும், குனிந்தே ஆடணும், பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுகிற டிராக் பிளிக் எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். டர்ஃபில் பழகினவன் மண்ணுக்குத் திரும்பினால் கொஞ்ச நாளில் ஸ்டைலே மாறிப்போகும், மறுபடி மேலே போக நினைத்தால் முதலில் இருந்து ஆரம்பிக்கணும். அடுத்தது சர்டிபிகேட். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் 500 சீட் இருக்கிறது, ஆனால் எல்லாமே எந்த மட்டத்தில் ஆடினாய் என்பதை வைத்துத்தான். ஊர் டோர்னமெண்டில் பத்துக் கப்பு வாங்கினாலும் கணக்கில் வராது. பல்கலைக்கழக டீமில் பெயர் வந்து, அகில இந்தியப் போட்டி வரைக்கும் போனால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பெஞ்சில் உட்கார்ந்தாலும் டீம் லிஸ்டில் பெயர் இருக்கிறது பாருங்கள், அதுதான் முக்கியம். தினமும் தனியாக ஸ்டாப்பிங் பழகச் சொல்லுங்கள், ரிவர்ஸ் ஸ்டிக்கைச் சரி பண்ணச் சொல்லுங்கள், எடையைக் குறைக்கச் சொல்லுங்கள். கோச் கண்ணில் படுகிற மாதிரி முதல் ஆளாகக் கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்கள். லீவில் வேண்டுமானால் ஊருக்கு வந்து பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும், டீமில் சேர்க்காதீர்கள்.

பல்லடம் அம்மா

நான் ஹாக்கி ஆடினவள் இல்லை, பையனுக்காக இங்கே படிக்கிறேன். அம்பயர் அண்ணா சொல்வது எல்லாம் சரிதானுங்க. ஆனால் என்ற பையன் ராத்திரியில் விடுதியிலிருந்து போன் பண்ணி, "அம்மா, நான் வந்தர்றேன், நம்மூரு டீம்லயே ஆடிக்கறேன்" என்று அழுதபோது 3 சதவீதத்தைச் சொல்லி அவனைச் சமாதானம் பண்ண என்னால் முடியவில்லை. வரச் சொல்லிவிட்டோம். வெசனத்தோடு நானும் அவங்கப்பாவும் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். விடிகாலையில் மதுரைப் பக்கமிருந்து வருகிற வண்டி. ஸ்டிக் பை, துணிமணி, தலைகாணி, பக்கெட்டைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தான், அப்படியென்றால் திரும்பப் போகிற எண்ணமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல், படியில் நின்ற கண்டக்டரிடம், "அண்ணா, இந்த வண்டி திரும்ப எப்பங்க போகும்?" என்று கேட்டான். ஒரு கையில் பக்கெட்டை வைத்துக்கொண்டே கேட்கிறான்.

வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. நம்மூர் டீம் பசங்க இரண்டு தடவை வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை, வாசலில் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். கோபி அண்ணா, உங்கள் பையனின் அம்மா என்ன சொன்னார்கள் என்று யாருமே கேட்கவில்லையே.

திருப்பூர் அம்பயர்

அக்கா, அழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பிப் போகிற வண்டியை அவனே கேட்டான் என்றால் முடிவெடுத்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வேன். விடுதிக்கு லீவு லெட்டராவது உடனே கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் வந்துவிட்டான் என்று பெயர் விழுந்தால் பிறகு உள்ளே சேர்ப்பது கஷ்டம்.

பொள்ளாச்சி பி.இ.டி.

அம்பயர் சார், அது முடிவு இல்லை. பதினாலு வயசுப் பையனுக்கு எந்தப் பக்கமும் கதவு சாத்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் பள்ளியில் இருந்து வேறு பள்ளிக்கு மாறின பையன் ஒருத்தன், குறுவட்டப் போட்டியில் எங்களுக்கு எதிராகவே ஆடினான். அரை நேரத்தில் விசில் ஊதினதும் நேராக வந்து எங்கள் பசங்க உட்கார்ந்திருந்த வட்டத்தில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் பசங்களும் எதுவும் யோசிக்காமல் எலுமிச்சம்பழத்தில் ஒரு கீற்றை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அதைச் சப்பிக்கொண்டே சுற்றிப் பார்த்தவன், அப்புறம்தான் தன் பனியனைக் குனிந்து பார்த்தான். எழுந்து ஓடினான் பாருங்கள், அந்த ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

பழைய டீமுக்கு வருவதைத் தோல்வி மாதிரி எழுதுகிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. நம் இந்திய டீமின் ரூபிந்தர் பால் சிங்கும் பீரேந்திர லக்ராவும் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கின கையோடு 2021-இல் ஓய்வு அறிவித்தார்கள், அடுத்த வருஷமே மனசு மாறித் திரும்பி வந்தார்கள். 2022 ஆசியக் கோப்பைக்கு ரூபிந்தர்தான் கேப்டன் என்று அறிவித்தார்கள், பயிற்சியில் மணிக்கட்டில் அடிபட்டு அவர் போக முடியாமல் லக்ரா கேப்டன் ஆனார். அதே டீமில்தான் நம்ம அரியலூர் கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் முதல்முறையாக இந்தியாவுக்கு இறங்கினார்கள். கார்த்தி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். திரும்பி வந்தவரும் ஆடினார், புதுசும் ஆடியது, வெண்கலத்தோடு வந்தார்கள். நாட்டு டீமிலேயே இடம் இருக்கிறபோது கோபி டீமில் இருக்காதா?

கோபி லெப்ட் அவுட்

எல்லோருக்கும் நன்றிங்க. ஈரோடு தம்பி சொன்ன மாதிரி அந்தப் பதினொன்றாவது பையனிடம் பேசினேன். "நான் ரைட் ஹாஃப்ல ஆடிக்கறனுங்ணா" என்றான், முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த மாதிரி டக்கென்று வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பெரியவன் சென்னைக்குப் போய்விட்டான், போன் பண்ணினால் மேட்சைப் பற்றி மட்டும் பேசுகிறான்.

கோவை 19

நானும் அதே மாதிரி ஒருத்தன்தான், அதனால் பெயர் போடவில்லை. கோவையில் நான் ஆடிப் பழகின கிளப்பை விட்டு சென்னையில் ஒரு டீமுக்குப் போனேன். இந்த சீசனுக்குத் திரும்பி வர்றேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன், கேப்டன் அண்ணா என்ற பழைய ஜெர்சி நம்பரையே எடுத்து வைத்துவிட்டார். அம்பயர் சார் எழுதின கணக்கு எல்லாம் எங்க அப்பாவும் தினமும் சொல்கிறார், அதற்காக நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவங்க மேட்ச் பார்க்கப் போனேன், சித்தப்பா பையன் கூட வந்திருந்தான். இரண்டு டீமும் சமமாக இருந்தபோது எங்களுக்கு, அதாவது அவங்களுக்கு, பெனால்டி கார்னர் கிடைத்தது. இன்ஜெக்ட் பண்ண நின்றவன் ஸ்டிக் பிடியில் இரண்டு விரலை விரித்துக் காட்டினான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இரண்டு விரல் என்றால் லெப்டில் ஸ்லிப், அதாவது நேராக அடிக்காமல் லெப்டில் இருப்பவனுக்குத் தள்ளுவது, அதை நானும் கேப்டன் அண்ணாவும்தான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தோம். தம்பியிடம், "பாரு, இப்ப லெப்ட்ல போகும்" என்றேன். பந்து வந்தது, ஸ்டாப்பர் நிறுத்தினான், லெப்டில் ஒருத்தன் சும்மா ஓடினான், ரைட்டில் தள்ளி அடித்தார்கள், கோல். எல்லோரும் எழுந்து கத்தினார்கள், நானும் எழுந்து கத்தினேன். தம்பி மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "லெப்டுனீங்களேங்ணா?" என்று கேட்டான்.

சிக்னல்தானே, ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதற்கு அப்புறம் மேட்சில் வேறு எதையும் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை, யாரு யாருக்கு பாஸ் போடுகிறார்கள், யாரு பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அந்த டீமில் எந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மேட்ச் முடிந்து கேப்டன் அண்ணா தோளில் கை போட்டு, "எப்படா வர்றே?" என்றார். "சொல்றனுங்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. லிஸ்ட் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி.

ஈரோடு பழைய கீப்பர்

தம்பி, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அவங்க பிராக்டிஸுக்குப் போ. ஜெர்சியை வாங்காதே, சும்மா டீ சர்ட்டில் போய் ஆடு. கார்னர் சிக்னலை நீயாகக் கேட்காதே. அவங்களாகக் கூப்பிட்டுச் சொல்லித் தருகிறார்களா என்று மட்டும் பார்.